பீரோவுக்குப் புத்தகம் வாங்கப் போன பயணம்

பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கத் திருவண்ணாமலை போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எண்பதுகளின் நடுவில் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் டீச்சர். அந்த வருஷம்தான் நூலகத்துக்கென்று முதல்முறையாகப் பணம் வந்தது. அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் ஆறாம் வகுப்பில் வசந்தா என்று ஒரு பெண். மூக்கில் ஒட்டி வைத்தாலும் பொடி எழுத்து அவளுக்குத் தெரியாது. கண்ணாடி போட்டும் பயனில்லை. காதால் கேட்டால் ஒரே முறையில் பிடித்துக்கொள்வாள். அவளை மனதில் வைத்துத்தான் பெரிய எழுத்துப் புத்தகங்கள், கதை கேட்க டேப் ரெக்கார்டர், கேசட், தடவிப் பார்க்கிற வரைபடம் எல்லாம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஹெட்மாஸ்டரும் தலையாட்டினார்.

காலை எட்டு மணி பஸ்ஸில் ஹெட்மாஸ்டர், நான், வசந்தா மூவரும் கிளம்பினோம். இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. வழியெல்லாம் மல்லாட்டை மூட்டை, அதுதான் வேர்க்கடலை மூட்டை, ஏற்றி ஒரு மணி நேரம் ஆக்கிவிட்டார்கள். நல்ல நாள் என்று பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்ததும் ஹெட்மாஸ்டர்தான். கிரிவலக் கூட்டத்தில் நசுங்கித் தேரடி வீதிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கடையில் அவர் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். பள்ளிக் கண்ணாடி பீரோவின் தட்டு உயரத்துக்கு வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார், மகானுபாவர்! ஒவ்வொரு புத்தகமாக அளக்க ஆரம்பித்தார்.

நான் பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றை வசந்தாவிடம் கொடுத்தேன். விரல் வைத்து, "ஆற்றங்கரையில் ஒரு நரி இருந்தது" என்று தடங்கலில்லாமல் படித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா படிக்குதே பொண்ணு" என்ற ஹெட்மாஸ்டர் கயிற்றை வைத்துப் பார்த்தார். "ஒயரம் ஜாஸ்தி டீச்சர். பீரோவுல நிக்காது."

"படுக்க வெச்சுக்கலாம் சார். இல்லன்னா என் மேசையில வெச்சுக்கறேன்."

"வெளிய வெச்சா கிழிச்சிடுவாங்க. இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவரு பாத்தா வரிசையா நிக்கணுமில்ல?"

"கேசட்டு சின்னதுதான சார்?"

"பாட்டு கேக்கற சாமானை லைப்ரரியில வெச்சா ஊரே சிரிக்கும்மா."

கடையே வேடிக்கை பார்க்க, வாய் வலிக்க வாதாடினேன். ஒன்றும் நடக்கவில்லை. காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்ட, ஒரே உயரத் தடிப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்தோம். உள்ளே எல்லாம் எறும்பு எழுத்து.

திரும்பும் பஸ்ஸில் வசந்தா அந்தக் கட்டைத் தடவியபடி, "இதுல எனக்கு எது டீச்சர்?" என்றாள். ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பௌர்ணமியன்று போகாதீர்கள். படிக்கச் சிரமப்படும் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். அது எதைப் படித்துக் காட்டுகிறதோ அதற்கு முதலில் பில் போடச் சொல்லுங்கள். கேசட்டைக் கடையிலேயே ஓடவிட்டுக் கேளுங்கள். பீரோவைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

அடுத்த வருஷம் வசந்தாவைப் பள்ளியிலிருந்து நிறுத்த அவள் அப்பா வந்தார். "கண்ணு தெரியாத பொண்ணு, அதால எங்க படிக்க முடியுது" என்றார். ஹெட்மாஸ்டர் "ஆமாங்க" என்று சொல்லி, டி.சி.யில் கையெழுத்துப் போட்டார். அன்று கடையில் அவள் படித்தபோது இதே ஹெட்மாஸ்டர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.