ஆறு மணி பத்து நிமிடம்

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் ஊசிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்தொரு வருஷமாக ரத்தம் எடுக்கிற வேலை. நரம்பே தெரியாத கையில்கூட முதல் குத்திலேயே எடுத்துவிடுவாள். எடுத்த கையோடு குப்பியில் பெயர், வயது, நேரம் மூன்றையும் எழுதி ஒட்டிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். நேரத்தை எழுதாமல் விட்ட ஒரு புதுப் பெண்ணை மூன்று நாள் மேசைப் பக்கமே விடாமல் வைத்திருந்தாள் என்று பேச்சு.

நிலையத்துக்குப் போக எங்கள் தெருவிலிருந்து முப்பத்தாறு படி இறங்க வேண்டும். அங்கிருந்த ஒரே விளக்கும் அணைந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க விடியுமுன் வருகிறவர்கள் சுவரைத் தடவித் தடவி இறங்குவார்கள். அப்படி இறங்கிய ஒரு பெரியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவரைத் தூக்கி உட்காரவைத்தவள் இவள்தான். அந்த வாரமே விளக்கு கேட்டு ஒரு மனு எழுதி, வீடு வீடாகப் போய் அறுபத்திரண்டு கையெழுத்து வாங்கினாள்.

கவுன்சிலர் மாதம் ஒருமுறை நூலக மாடியில் குறை கேட்பார். மனுவை எடுத்துக்கொண்டு அவள் அக்காவோடு போனாள். அக்கா ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். பத்து வருஷத்துக்கு முன்னால் மனநிலை சரியில்லாமல் போய், வேலையை விட்டு, தங்கை வீட்டோடு வந்துவிட்டாள். மாத்திரை சாப்பிடுகிறாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் ஒருநாள் நடுரோட்டில் நின்று அழுததைத் தெரு மட்டும் மறக்கவில்லை.

கவுன்சிலர் மனுவை வாங்கினார். மின்விசிறி ஓடவில்லை என்பதால் அதை வைத்தே விசிறிக்கொண்டார். "பார்க்கிறோம்மா" என்றார். ஆறு மணிக்குக் கூட்டம் முடிந்தது என்று மைக்கில் அறிவித்தார். ஜனம் ஒவ்வொருவராகக் கலைந்துகொண்டிருந்தபோது இவள் மேசைக்குப் போனாள்.

"சார், மனுவை வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்க."

அவர் பக்கத்திலிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"உங்க அக்கா மாத்திரையில பாதிய நீங்களும் போட்டுக்கங்கம்மா. வீட்டுல ஒருத்தர் போட்டா பத்தாது போலிருக்கு."

மைக் அணைக்கப்படவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். இவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்போதும் பழக்க தோஷத்தில் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. ஆறு பத்து.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி யோசித்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். யாரிடமும் வம்புக்குப் போகாதவர்.

"விட்டுடு. அந்தாளுகிட்ட வாயக் கொடுத்து ஜெயிக்க முடியுமா?"

"நான் வாயக் கொடுக்கலங்க. மனுதான் கொடுத்தேன்."

மறுநாள் கவுன்சிலர்மேல் புகார் கொடுக்கும் படிவத்தை அவரே போய் வாங்கி வந்தார். பதினோரு பக்கம். அவள் ஒரு கட்டம் விடாமல் நிரப்பினாள். "சம்பவம் நடந்த சரியான நேரம்" என்ற இடத்தில் 6.10 என்று எழுதினாள்.

சாட்சிக்கு மாடி வீட்டுத் தையற்காரரைக் கேட்டாள். கூட்டத்தில் இவளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார். கோத்து முடித்த பிறகும் தலை நிமிரவில்லை.

"எனக்கு அன்னைக்குக் காது அடைச்சிருந்துதும்மா."

"அண்ணே, நீங்க அப்ப மேசைக்கு வந்து என் தோளத் தொட்டு, 'வா போலாம்'னு சொன்னீங்க."

"கடைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கணும்மா. என்னை விட்டுடு."

அவர் பொய்யில் நிற்கவும் இல்லை, மெய் சொல்லவும் இல்லை. இவளுக்கு அவர்மேல் கோபம்கூட முழுசாக வரவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் அக்காவே சாட்சி எழுதினாள். அரைப் பக்கம், வரி எண் போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சின்னதாக ஒரு படமும் வரைந்திருந்தாள். நகராட்சியின் புகார்ப் பிரிவில் இருந்த பெண் அலுவலர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவங்க சிகிச்சையில இருக்காங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இதை எந்த அளவுக்கு எடுத்துக்க முடியும்னு..."

"மேடம், சர்க்கரைக்கு மாத்திரை போடுறவர் சாட்சி சொன்னா எடுத்துக்குவீங்களா?"

"அது வேறங்க."

"எப்படி வேற?"

அலுவலர் முத்திரையை எடுத்துக் குத்தினார். பதில் வரும், காத்திருங்கள் என்றார்.

பதினோரு வாரம் காத்திருந்தார்கள். அந்தப் பதினோரு வாரமும் அக்கா நூலகத்துக்குப் போகவில்லை. முன்பெல்லாம் காலையில் நாலு பத்திரிகையையும் படித்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். இப்போது சமையலறையில் கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். யாராவது கதவைத் தட்டினால் மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரிக்குள் ஒளித்தாள்.

கடிதம் வந்தது. கூட்டம் ஆறு மணிக்கு முறைப்படி முடிக்கப்பட்டுவிட்டது. புகாரில் சொல்லப்படும் சொற்கள் ஆறு மணி பத்து நிமிடத்தில் பேசப்பட்டதாகப் புகார்தாரரே குறிப்பிட்டுள்ளார். அந்நேரம் கவுன்சிலர் தனிநபராகவே இருந்தார். ஆகவே உறுப்பினருக்கான நடத்தை விதிகள் பொருந்தா.

அவள் இரண்டு தடவை படித்தாள். உடனே அலுவலருக்குப் போன் போட்டாள்.

"மேடம், அவரு உக்காந்திருந்த நாற்காலி யாருது? மைக் யாருது? அவரு கையில இருந்த மனு யாருக்குக் கொடுத்தது?"

"மேல்முறையீடு செய்யலாங்க. மூணு உறுப்பினர் பார்ப்பாங்க."

"யாரு அந்த மூணு பேரு?"

அலுவலர் சொன்ன மூன்று பேரும் கவுன்சிலரின் கட்சிக்காரர்கள். இவள் போனை வைத்தாள்.

"அஞ்சு அம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கலாம்ல?" என்றார் கணவர். ஆதங்கத்தில்தான் கேட்டார். ஆனால் அவளுக்கு அதுதான் சுருக்கென்றது. ஒரு எண்ணை மாற்றி எழுதியிருந்தால் புகார் நின்றிருக்கும். மாற்றாததால் விழுந்துவிட்டது. மறுநாள் நிலையத்தில் ஒருவருக்கு இரண்டாம் தடவை குத்த வேண்டியதாயிற்று. அப்படி நடந்து எத்தனையோ வருஷம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவள் கிளம்பியபோது அக்காவும் செருப்பை மாட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

நாலரை மணிக்கு இவள் முறை வந்தது. எழுந்தாள்.

"சார், இப்ப கூட்டம் நடந்துக்கிட்டிருக்கு. நீங்க கவுன்சிலராத்தான் உக்காந்திருக்கீங்க. அன்னைக்கு எங்க அக்காவப் பத்தி சொன்னத இன்னொரு தடவை சொல்றீங்களா? கூட்டக் குறிப்புல ஏறட்டும்."

கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. குறிப்பெழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கவுன்சிலரைப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன்? எனக்கு ஞாபகம் இல்லையே," என்றார் கவுன்சிலர்.

"எனக்கு இருக்கு," என்று அக்கா எழுந்தாள்.

வகுப்பில் கணக்கைப் படித்துக் காட்டுகிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், அந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, குறிப்பெழுதுகிறவரிடம், "எழுதிட்டீங்களா? மெதுவாச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தையற்காரர் குனிந்து தரையைப் பார்த்தார்.

"அடுத்த கேள்வி," என்றார் கவுன்சிலர். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை.

பத்து நாள் கழித்துக் கூட்டக் குறிப்பை நூலகப் பலகையில் ஒட்டினார்கள். ஊசிக்காரம்மா வேலை முடிந்து வரும்போது நின்று படித்தாள். "முந்தைய கூட்டம் ஒன்று குறித்து ஒரு பெண்மணி கருத்துத் தெரிவித்தார். உறுப்பினர் கேட்டுக்கொண்டார்." இரண்டே வரி. பலகையைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து, "குறிப்பத் திருத்தச் சொல்லி எழுதணும். அதுக்குத் தனிப் படிவமாம்," என்று பையைத் தொப்பென்று போட்டாள்.

"தெரியும். காலையிலேயே பார்த்தேன்," என்றாள் அக்கா.

"காலையிலயா? நீ நூலகத்துக்குப் போனியா?"

"பத்திரிகை படிக்கப் போனேன். வரும்போது படிவமும் வாங்கிட்டு வந்துட்டேன். ஏழு பக்கம்தான்." அக்கா பேனா மூடியைத் திறந்தாள். "நீ போய்க் கை கால் கழுவு. இத நான் எழுதுறேன்."