பதில் வராத தோத்திரம்

கொயினா மாத்திரையின் கசப்பு இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் மலேரியாக் காய்ச்சலில் கிடந்தபோது, அம்மா அதைப் பொடித்து வாழைப்பழத்துக்குள் ஒளித்து ஊட்டினாள். அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் வேலை முடிந்து வருவதற்குள் வாயைக் கொப்பளிக்க வைத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து ரயில்வே எழுத்து வேலைக்கு வந்த ஐயா சேர்ந்திருந்த ஜெபசபையில் மருந்து பாவம். "மருந்துப் போத்தல் உள்ளுக்கு வந்தா விசுவாசம் வெளியில போயிடும்" என்பார் சபை மூப்பர்.

காய்ச்சல் விட்டது. ஜெபம் கேட்கப்பட்டதென்று ஐயா பூரித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை அம்மா சபையில் எழுந்து "சாட்சி" சொல்ல வேண்டும் என்றார். ஒருவர் சாட்சி சொல்லி முடித்தால் எல்லோரும் ஒரே குரலில் "தோத்திரம்" என்பது எங்கள் வழக்கம். வீட்டு வாசலில்கூட வந்தவர் "தோத்திரம்" என்று சொல்ல, உள்ளேயிருப்பவரும் "தோத்திரம்" என்ற பிறகுதான் கதவு திறக்கும். அன்று பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்கா, காய்ச்சலில் துவண்ட மகனை மடியில் போட்டுக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்திருந்தாள். அம்மாவின் சாட்சியைக் கேட்டுவிட்டுத் தன்னிடமிருக்கும் கொயினாவை எறியப் போவதாக அவள் சொல்லியிருந்தாள்.

அம்மா எழுந்தாள்.

"பிள்ளைக்கு நான் கொயினா குடுத்தனான். அக்கா, நீங்களும் குடுங்கோ."

ஒருவரும் தோத்திரம் சொல்லவில்லை. மூப்பர் கதவைத் திறந்து பிடித்தார். அம்மா வெளியேறும்போது ஐயா தலைநிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவள் "புறம்பானவள்". அவளோடு பேசக் கூடாது, சேர்ந்து சாப்பிடக் கூடாது. அவள் கிள்ளானிலிருந்த மாமா வீட்டுக்குப் போனாள். என்னை ஐயா விடவில்லை. "தாயெண்டாலும் வெளியில நிண்டா ஆரோதான்" என்றார். ஞாயிறுதோறும் அம்மா ரயிலேறி வந்து வாசலில் நின்று "தோத்திரம்" என்பாள். ஐயாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தும். அந்தக் கை விலகாது. கதவிடுக்கில் தெரியும் நிழல் போகும்வரை அவரை நான் மனதார வெறுத்தேன்.

பொன்னம்மா அக்காவின் மகன் பிழைத்துக்கொண்டான். மருந்தாலா ஜெபத்தாலா என்று அவள் கடைசிவரை மூச்சு விடவில்லை.

சில வருடங்களில் அம்மா கிள்ளானில் இறந்தபோது ஐயா என்னை அழைத்துப் போனார். மாமா வீட்டுப் படியேறாமல் "தோத்திரம்" என்றார். பழக்கத்தில் பதிலுக்காகக் காத்து நின்றார். உள்ளே கூடியிருந்தவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. தெரிந்தவள் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தாள்.

அந்த ரயில்வே வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள், சபையும் கலைந்துபோயிற்று. இப்போது என் வாசலில் அழைப்புமணிதான். யார் அழுத்தினாலும், யாரென்று பாராமல் "வாறன், வாறன்" என்று கத்திக்கொண்டே ஓடுகிறேன். கள்ளன் வந்தாலும் திறப்பீர்களா என்று பிள்ளைகள் ஏசுகிறார்கள். திறப்பேன்.