இருட்டில் வந்த செருப்புச் சத்தம்

நேற்று டிவியில் ஒரு திகில் படம். கதாநாயகி இருட்டில் மாடிப்படி ஏறும்போது இசை சட்டென்று நின்றது. என் வீட்டுக்காரர் உடனே ரிமோட்டை எடுத்து, "இன்னாடி, சத்தமே வர்ல?" என்று வால்யூமை ஏற்றினார். வந்த எரிச்சலில் எங்கள் பாகூர் டூரிங் கொட்டகை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அங்கே ஒரு நாள் பெண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து, மல்லிகா அக்காவும் நானும் வறுத்த மல்லாட்டையைத் தோலுரித்துத் தின்றபடி உட்கார்ந்திருந்தோம். திரையில் ஒரே இருட்டு. கொலைகாரன் முகம் தெரியாது. அவன் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். எப்படியும் பிடித்துவிடுவதென்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திரை இருண்டால் புரொஜெக்டரில் வெளிச்சத்துக்கு எரியும் கார்பன் குச்சி தீர்ந்துவிட்டது, இசை நின்றால் ஸ்பீக்கர் போய்விட்டது. ஆண்கள் பக்கம் விசில் பறந்தது.

"டேய் ஆப்ரேட்டரு, தூங்கிட்டியா? கார்பன் மாத்துடா!"

"சவுண்டு வுடுடா!"

"படமே இப்டித்தான்யா, கத்தாதீங்க!" என்று ஆபரேட்டர் கெஞ்சினார். யார் கேட்டார்கள்? அந்தக் கூச்சலில் செருப்புச் சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை.

கடைசியில் கதாநாயகி, படம் முழுக்க நல்லவராக வந்த டாக்டரைக் காட்டி, "அன்னைக்கு இருட்டுல கேட்ட அதே செருப்புச் சத்தம்!" என்றாள்.

"எந்தச் சத்தம்? கதை வுடுறா பாரு!" என்று கொட்டகையே சிரித்தது.

போலீஸ் டாக்டருக்கு விலங்கு மாட்டியது. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

"அழுவாதடி," என்று மல்லிகா அக்கா தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "பாவம், ஒண்ணும் பண்ணாத டாக்டர புடிச்சிக்கினு போறானுங்க."