வழி கேட்ட குரல்

டர்ர்ர்... டர்ர்ர்... டர்ர்ர்...

வெறும் டம்ளருக்குள் போட்டு வைத்திருந்த செல்போன் அதிர்ந்த சத்தத்தில், சர்வேயர் பாயிலிருந்து துள்ளி எழுந்தார். மணி 12.10.

இதைப் படித்துவிட்டு, "நல்லா அளக்கிறான்" என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். சர்வேயர் என் சகலை. அன்று ரயிலில் இருந்த அவர் மனைவி, என் மனைவியின் தங்கை. என் மனைவிக்கு ஆபரேஷன் ஆனபோது பத்து நாள் கூடமாட ஒத்தாசைக்கு எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். அன்று மாலை அவளை அந்த ஸ்லீப்பர் ரயிலில் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் நீட்டியவன் நானேதான். மிச்சத்தை சகலை சொன்னபடியே எழுதுகிறேன். கூட்டவில்லை. குறைக்கவில்லை.

சகலையைப் பற்றி ஒரு வார்த்தை. குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகத் தெருத்தெருவாக அளப்பது அவர் வேலை. ஆபீஸில் அவருக்கு 'டேப்பு' என்று பெயர். யாராவது வழி கேட்டால் போதும், சொந்த வேலையைப் போட்டுவிட்டு, குனிந்து தரையில் கோடு கிழித்துக் காட்ட ஆரம்பித்துவிடுவார். ஐந்து வயது மகளும் அப்பாவை உரித்து வைத்தாற்போல. வீட்டுக்கு யார் வந்தாலும், "எந்த வழியா வந்தீங்க? ஐயோ, அது சுத்து!" என்பாள்.

அந்தக் குழந்தைக்கு அன்று காய்ச்சல். "அம்மா எப்ப வரும்?" என்று அழுது அழுது ஒன்பது மணிக்குத்தான் கண் அயர்ந்தது. அம்மாவின் ரயில் காலை ஐந்துக்கு. நாலு மணிக்கு அலாரம் வைத்து, சத்தம் தூக்கலாகக் கேட்கட்டும் என்று போனை டம்ளரில் போட்டிருந்தார் சகலை.

அடித்தது அலாரம் இல்லை. திரையில் 'வீடு' என்று வந்தது. மனைவியின் எண்ணை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார்.

"ஏங்க... தூங்கிட்டீங்களா? வண்டி கிறீச்சுன்னு நின்னுடுச்சுங்க. முன்னாடி தண்டவாளத்தை மழை அரிச்சுட்டுப் போயிடுச்சாம். வேற வழியா திருப்பி விடப்போறாங்களாம்."

"எந்த வழியா?"

"அது தெரிஞ்சா டிக்கெட் செக்கர் ஏன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு? பாப்பா தூங்கறாளா? காய்ச்சல் விட்டுச்சா?"

"கொஞ்சம் தேவலை. பின்னாடி என்ன சத்தம், மாவு மில்லு ஓடுற மாதிரி?"

"எதிர் பெர்த் பெரியவர் குறட்டைங்க. எஞ்சினே வேண்டாம், இவரை முன்னாடி கட்டி விட்டாலே வண்டி ஊர் போய்ச் சேர்ந்துடும்... ஏங்க, சார்ஜ் தீரப்போகுது. வச்சுடறேன்."

சிரித்துக்கொண்டேதான் வைத்தாள்.

இனி சகலைக்குத் தூக்கம் ஏது? ரயில் எத்தனை மணிக்கு வரும், எந்த ஸ்டேஷனுக்கு வரும், அதுவரை காய்ச்சல்காரப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஆபீஸ் பையிலிருந்து பெரிய வரைபடத்தை உருவிக் கூடத்தில் விரித்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். மெயின் லைன் அடைபட்டால் வடக்கே ஒரு பெரிய சுற்று. கிழக்கே ஒரு சின்னச் சுற்று. இரண்டில் எது?

12.50. மறுபடி டம்ளர் அதிர்ந்தது. 'வீடு'.

"நான் எங்க இருக்கேன்?"

மனைவியின் குரல்தான். சளி கட்டியது போல, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. மழையில் சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"கிளம்பிட்டாங்களா? சார்ஜ் இல்லன்னியே?"

"போயிட்டே இருக்கு. பாப்பா தூங்கறாளா?"

"தூங்கறா. வெளிய என்ன தெரியுது?"

"இருட்டு... இடது பக்கம் ஒரு கேட்டு. ஒருத்தர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக் காட்டிட்டு நிக்கிறாரு."

இந்தக் காலத்தில் அரிக்கேன் விளக்கா? மழையில் கரண்ட் போயிருக்கும். கிழக்குச் சுற்றில் அப்படி ஒரு கேட்டைக் கண்டுபிடித்து வட்டம் போட்டார். அங்கிருந்து மெல்லிசாக ஒரு புள்ளிக்கோடு பிரிந்து போனது. ஏதோ பழைய எல்லைக்கோடு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

போனுக்குள் ஒரு தாளம் கேட்டது. தடக் தடக்... தடக் தடக்... இப்போதெல்லாம் தண்டவாளங்களை ஒட்டவைத்து விடுகிறார்கள். ரயிலில் இந்தத் தாளமே கேட்பதில்லை. சகலைக்கு அது உறைக்கவில்லை. தாளத்தை வைத்து வேகம் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

2.50. மறுபடி 'வீடு'.

"இப்ப ஒரு பாலம். தண்ணி ரொம்பக் கிட்ட ஓடுது."

பென்சில் நின்றது. அந்தப் புள்ளிக்கோடு ஆற்றைக் கடக்கும் இடம் அவருக்குத் தெரியும். போன மாதம்தான் அங்கே குழாய்க்கு அளந்தார். ஆற்று நடுவில் ஆறு தூண்கள். மேலே ஒன்றுமில்லை. மொட்டைத் தூண்கள்.

புதுசாக வேறு பாலம் கட்டியிருப்பார்களோ?

"என்ன, பெரியவர் குறட்டையைக் காணோம்?"

"யாரு?"

"அதான், உன் எதிர் பெர்த்துல..."

தடக் தடக்... தடக் தடக்...

"எதிர்ல யாரும் இல்ல. எங்கயுமே யாரும் இல்ல. அடுத்து எப்படி?"

அங்கேயே போனை வைத்திருக்கலாம். ஆனால் அவரிடம் வழி கேட்டாகிவிட்டதே! கேட்ட கேள்விக்கு விரல் தானாகவே புள்ளிக்கோட்டின் மேல் ஓடியது.

"பாலம் முடிஞ்சதும் வலது பக்கம் ஒரு வளைவு. அப்புறம் மேடு. மேட்டுல ஒரு பழைய தண்ணித் தொட்டி வரணும்."

"ஆமா... தொட்டி வந்துடுச்சு. அடுத்து எப்படி?"

"அப்புறம் நேரா... அட! நம்ம பக்கமாதான் வருது! ஸ்டேஷனுக்கே போக வேண்டாம் போலிருக்கே. வீட்டுப் பக்கம் வண்டி மெதுவாப் போனா அப்படியே எறங்கிடேன்!"

தமாஷாகத்தான் சொன்னார்.

"எறங்கட்டுமா?"

"எறங்கு, எறங்கு."

"பாப்பா தூங்கறாளா?"

விரல் போய் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளிக்கோடு அவர் குடியிருக்கும் தெரு வழியாகவே போனது. ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேரான தெரு. ஒரே வரிசை வீடுகள். அவர் வாசலில் மட்டும், வீட்டுக்குப் பொருத்தமே இல்லாமல் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு கறுப்புப் படிக்கல்.

தெருவில் தண்டவாளம் ஏது?

தடக் தடக்... தடக் தடக்...

போனைக் காதிலிருந்து எடுத்தார்.

சத்தம் குறையவில்லை.

இணைப்பைத் துண்டித்தார்.

சத்தம் குறையவில்லை. அது வெளியிலிருந்து வந்தது.

தரையில் வைத்த டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது. பென்சில் உருண்டது. ஜன்னல் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம், கட்டம் கட்டமாக... ஓடி... ஓடி... மெதுவாகி...

கிறீ...ச்.

நின்றது.

மணி 3.05.

சளப்... சளப்... ஈரக் கால் படிக்கல்லில் ஏறியது.

டொக். டொக்.

"வந்துட்டேன். கதவைத் திற."

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் 'ஏங்க' வராமல் ஒரு பேச்சு கிடையாது. 12.50-க்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு தடவைகூட.

கையும் ஓடவில்லை. காலும் ஓடவில்லை. அவரைத் தாண்டி ஏதோ குடுகுடுவென்று ஓடியது.

"ஐ! அம்மா வந்தாச்சு!"

குழந்தை!

மேல் தாழ்ப்பாள் எட்டாது. ஆனால் இவர் அன்று போட்டிருந்தது கீழ்த் தாழ்ப்பாள் மட்டும்தான். அது அவள் உயரத்துக்குத்தான்.

குழந்தையின் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

டர்ர்ர்... டர்ர்ர்...

கையிலிருந்த போன். தெரியாத எண்.

"ஏங்க! நான்தாங்க. மேல் பெர்த் பொண்ணோட போன்ல பேசறேன். என் போன் அப்பவே செத்துப் போச்சு. வண்டி இன்னும் நின்ன இடத்துலயேதாங்க நிக்குது. இப்பதான் வடக்கு லைன்ல விடப் போறாங்களாம். நீங்க பயந்துட்டு இருப்பீங்கன்னுதான்..."

அவள் குரலுக்குப் பின்னால், சாவகாசமாக, ஒரு மாவு மில்லு ஓடிக்கொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே...

"பாப்பா. திறம்மா."

பாய்ந்தார். குழந்தையை வாரி இழுத்தார். தாழ்ப்பாள் முக்கால்வாசி விலகியிருந்தது. ஒரு கையால் அதைத் தள்ளினார். மேல் தாழ்ப்பாளையும் போட்டார். கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். குழந்தையின் வாயைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார்.

தட்டுவது நிற்கவில்லை.

அது இறங்கி வந்தது.

முதலில் அவர் தலைக்கு மேலே.

பிறகு அவர் தோள் உயரத்தில்.

கடைசியில்... மரத்துக்கு அந்தப் பக்கம், குழந்தையின் காதுக்கு நேராக. மெதுவாக. நகத்தால்.

பால்காரன் மணி கேட்கும் வரை.

மனைவி ஒன்பதே காலுக்கு வந்து சேர்ந்தாள். இவர் கதவைத் திறக்கவில்லை. "முன்பக்கம் வேண்டாம், கொல்லைப்பக்கமா வா" என்று உள்ளேயிருந்து கத்தினார். வந்தவள் மூன்று தரம் 'ஏங்க' என்ற பிறகுதான் கொல்லைக் கதவைத் திறந்தார்.

போனைப் பார்த்தார்கள். 12.10-க்கு ஒரு அழைப்பு. 3.05-க்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒன்று. நடுவில் எதுவுமே இல்லை.

இரண்டு நாள் கழித்து, மாடியில் இருக்கும் வீட்டு ஓனரிடம் பேச்சுவாக்கில் அந்தப் படிக்கல்லைப் பற்றிக் கேட்டாராம். அவர் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். எதையும் அலட்டிக்கொள்ளாமல் பேசுகிற மனிதர்.

"அதுவா? பிளாட்பாரக் கல்லு சார். இந்தத் தெருவே பழைய ரயில் பாதைதான். உங்க வீட்டு இடத்துலதான் ஸ்டேஷன் இருந்துச்சு. எங்கப்பா ஏலத்துல எடுத்தாரு."

"ஏன் மூடினாங்க?"

"மெயின் லைன்ல அரிப்புன்னு ஒரு ராத்திரி ஸ்லீப்பர் வண்டியை இந்தப் பக்கம் திருப்பி விட்டாங்க. பாலம் தாங்கல. இந்தக் கல்லு மேல ஒருத்தர், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, பொண்டாட்டி வருவான்னு விடிய விடிய நின்னாராம். பாவம்."

அந்த வாரமே வேறு வீடு பார்த்துவிட்டார்கள். ஊரின் அடுத்த கோடியில், மூன்றாவது மாடி. சாமான் ஏற்ற ஆள் வேண்டுமென்று சகலை போன் செய்தார். போனேன். பட்டப்பகல். நல்ல வெயில். பீரோ, கட்டில் எல்லாவற்றையும் கொல்லை வழியாகவே வெளியேற்றினோம். முன்கதவை அவர் தொடவே விடவில்லை. லாரிக்காரர் முணுமுணுத்தார். நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

எல்லாம் ஏற்றியாயிற்று. குழந்தையைக் காணோம். தேடிக்கொண்டு உள்ளே போனேன்.

காலிக் கூடத்தில், மூடிய முன்கதவுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கதவின் இடுக்கில் வாயை வைத்திருந்தாள். விரல் தரையில் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தது. நேராக ஒன்று. வலது பக்கம் ஒரு வளைவு. அப்புறம் படி, படி, படி.

"யார்கிட்டம்மா பேசற?"

திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அந்த அம்மாகிட்ட, பெரியப்பா. புது வீட்டுக்கு எப்படி வரணும்னு கேட்டாங்க... சொல்லிட்டேன்."