திமோலாஸ் எழுதிய கப்பல்

திமோலாஸுக்கு இடது கால் பிறவியிலேயே வளைந்தது. அதனால்தான், பாரசீகரோடு சண்டைக்கு ஆஸ்திரா தீவின் ஒரே போர்க்கப்பல் கிளம்பியபோது, அவர் கரையில் நின்றுவிட்டார். கூடவே வளர்ந்தவர்கள் எல்லாரும் துடுப்பு வலிக்கப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. கப்பல் எரிந்து மிதந்ததைப் பார்த்ததாக ஒரு வியாபாரி வந்து சொன்னான். ஊர் கடற்கரையில் கூடியது. காலியான பாடைகளை வரிசையாக வைத்து, செத்தவர்களின் பெயர்களைக் கடலைப் பார்த்துக் கூவி வழியனுப்பினார்கள். கூவியவர் திமோலாஸ்.

பிறகு ஆலிவ் தோப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு, துறைமுகத்தில் இறங்குகிற மாலுமிகளை எல்லாம் பிடித்து உட்கார வைத்துப் போரைப் பற்றிக் கேட்டார். "நீ பார்த்தியா, கேள்விப்பட்டியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கேட்டதையெல்லாம் ஒரு சுருளில் வரலாறாக எழுதினார். கடல் தெய்வம் போசிடானின் விழாவில் ஆண்டுதோறும் அதை வாசிப்பார். 'ஒருவனும் துடுப்பைக் கீழே போடவில்லை' என்ற இடம் வந்ததும் நடக்க முடியாத கிழவர்கள்கூட எழுந்து நிற்பார்கள்.

இப்படிப் பல வருஷம் போன பிறகு, ஒரு விழாவுக்கு முந்தைய நாள் காலையில் ஆர்கிப்பே மூச்சிரைக்க ஓடிவந்தாள். கப்பலோடு போன தெலெஸ்தாஸின் மனைவி அவள்.

"அண்ணே, அவரு வந்துட்டாரு."

"யாரும்மா?"

"உங்க வாயால கூவி அனுப்பினீங்களே, அவருதான். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரு. நான் கதவைத் திறக்கல."

திறக்க முடியாதுதான். சடங்கு முடிந்தவன் செத்தவன். அவன் வாசலைத் தாண்டினால் வீட்டு அடுப்பு தீட்டு, கிணறு தீட்டு. அவன் மறுபடி உள்ளே வர வேண்டுமானால், பெயரைக் கூவியவரே சபைக்கு முன்னால் அவனை இன்னாரென்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பெண்கள் அவனைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, மார்பில் அணைத்து, புதிதாகப் பிறந்த பிள்ளையாக வீட்டுக்குள் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால், விழா நாள் பிறக்குமுன், அதாவது இன்று பொழுது சாய்வதற்குள், அவனைக் கடலுக்குத் துரத்திவிடுவார்கள்.

திமோலாஸ் போனபோது சுவரோரம் நரைத்த தாடியோடு ஒருவன் குந்தியிருந்தான். ஆர்கிப்பே சுவருக்கு மேலாக எறிந்திருந்த வாற்கோதுமை ரொட்டியை மென்றுகொண்டிருந்தான்.

"என்னடா நொண்டி, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிற?" என்றான். "அட, பேய்தானே நான்!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை வேறு யாரும் சிரிக்க முடியாது. திமோலாஸ் அவன் எதிரே போய் நின்றார்.

"கப்பல் என்னடா ஆச்சு?"

"சுத்தி வளைச்சுட்டானுங்க. துடுப்பைக் கீழே போடுங்கடான்னு தலைவரு மெலாந்தாஸ் கத்தினாரு. போட்டுட்டோம். கப்பலைக் கொளுத்திட்டு எங்களைக் கால்வாய் வெட்டக் கொண்டுபோனானுங்க. மத்தவனெல்லாம் அங்கேயே போய்ச் சேர்ந்துட்டானுங்க."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கப்பல் தலைவன் மெலாந்தாஸின் மகன் ஃபிலாக்ரோஸ். அப்பாவின் பெயரால் ஊரில் முதல் வரிசையில் உட்காருகிறவன்.

"என்ன மாமா, சுவரோட பேசிட்டிருக்கீங்க?"

"தெலெஸ்தாஸ் வந்திருக்கான்."

"இவன் தெலெஸ்தாஸ்னா எங்கப்பா யாரு? எதிரிகிட்ட கையைத் தூக்கினவரா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்குக் கண்ணு மங்கிப் போச்சு மாமா. சபையில அதைச் சொல்லுங்க, போதும். நாளைக்கு எப்பவும்போல வாசிங்க. இல்லேன்னா உங்க சுருளை யாரும் தொடக்கூட மாட்டாங்க."

அது வெறும் மிரட்டலல்ல என்று திமோலாஸுக்குத் தெரியும். ஊரே அந்த ஒரு வரியில்தான் நிமிர்ந்து நின்றது. மனைவி மக்கள் இல்லாத அவருக்கு மிச்சம் இருந்ததும் அந்தச் சுருள் ஒன்றுதான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் சபை கூடியது. தெலெஸ்தாஸை எல்லைக் கல்லுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். சிலர் கையில் ஏற்கெனவே கல் இருந்தது. திமோலாஸ் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். முதல் கேள்வியை ஃபிலாக்ரோஸே கேட்டான்.

"இவன்தான் அவன்னு நீங்க பார்த்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?"

யாரோ சிரித்தார்கள். திமோலாஸ் ஆர்கிப்பேயைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தேன். இவன் தெலெஸ்தாஸ்."

"அப்போ கப்பல்ல எல்லாரும் சண்டை போட்டே செத்தாங்கன்னு எழுதினீங்களே?"

"அது கேள்விப்பட்டது."

ஃபிலாக்ரோஸ் சுருளைப் பிடுங்கி, பலிபீடத்து நெருப்பில் வீசினான். ஒருவரும் தடுக்கவில்லை. திமோலாஸ் ஓரடி எடுத்து வைத்தார், கால் மடங்கி விழுந்தார். அவர் எழுவதற்குள் அது கருகிச் சுருண்டுவிட்டது.

ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். கல்லை வைத்திருந்த கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. பெண்கள் தெலெஸ்தாஸைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார்கள். அந்தப் பெரிய உடம்பைச் சுற்ற இரண்டு வீட்டுத் துணி வேண்டியிருந்தது.

"பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருக்குடி, கடிச்சிடப் போறான்!" என்றாள் ஒருத்தி. ஆர்கிப்பே சிரித்தாள், அப்படியே உடைந்து அழுதாள்.

மறுநாள் விழாவுக்கு வாசிக்க திமோலாஸை யாரும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் கூப்பிடவில்லை. அவர் மறுபடி எழுதிய வரலாற்றைப் பக்கத்துத் தீவுக்காரர்கள்தான் படியெடுத்துப் போனார்கள்.

சபை கூடிய மறுநாள், அந்த விழா நாளில், ஊர் முழுக்கக் கடற்கரையில் இருந்தது. திமோலாஸ் வீட்டில் தெலெஸ்தாஸ் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்தது. ஃபிலாக்ரோஸ். விழா மாலை இன்னும் தலையில் இருந்தது. திமோலாஸின் கை தானாகவே தாளை மூடிக்கொண்டது.

அவன் அவரைப் பார்க்கவில்லை. "எங்கப்பா பயந்துட்டாரா?" என்றான் தெலெஸ்தாஸிடம்.

"பயந்தாரு. நாங்க எல்லாரும் பயந்தோம். துடுப்புல பாதிப் பேருக்கு மீசையே முளைக்கல. அவங்களை ஒருதரம் திரும்பிப் பார்த்தாரு. அப்புறம்தான் போடச் சொன்னாரு."

"அதை எழுதப் போறீங்களா மாமா?"

"எழுதத்தான் போறேன்."

"பயந்தாருங்கறதையுமா?"

"அதையும்."

தூரத்தில் விழாக் குழல் கேட்டது. ஃபிலாக்ரோஸ் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"முதல்ல இருந்து சொல்லுங்க," என்றான் தெலெஸ்தாஸிடம்.