பஞ்சு நுழையாத அறை

பெலிக்ஸ் மாமாவின் முன்னறைக்குள் போக வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது. சட்டையை உதற வேண்டும், தலையைத் தட்ட வேண்டும். அவர் கும்பிடுகிற சர்ச்சில்கூட இவ்வளவு கேட்பதில்லை.

மாமா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியன். அவர் மனைவி பரிபூரணம் அத்தை அதே மில்லில் ஸ்பின்னிங். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு அடுத்த வீடு. காலையில் ஒரே மில் பஸ்ஸில் ஏறுவார்கள். உள்ளே போனதும் பிரிந்துவிடுவார்கள். மாமாவுக்குக் கதவு சாத்திய தனி அறை. அத்தைக்கு வரிசை வரிசையாக ஓடும் மெஷின்கள், அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நாள் முழுக்க நடை.

மெஷின் ஓடும் இடத்தில் வாயால் பேசிப் பிரயோசனம் இல்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள் உதட்டையும் புருவத்தையும் பார்த்தே ஊர்வம்பு மொத்தத்தையும் பேசி முடித்துவிடுவார்கள். இதைச் சோதித்துப் பார்க்க நான் ஒருமுறை, வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அத்தைக்கு எதிர்ப்பக்கம் நின்று, சத்தமே இல்லாமல், "கிழவி" என்று வாயசைத்தேன். விளக்குமாறு பறந்து வந்தது. குறியும் தப்பவில்லை.

மாமாவுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. பழைய ஸ்பீக்கர்தான். மூடிப்போன தியேட்டரின் பெட்டி, எலி கடித்த கூம்பு, எவனோ கோழி அடைத்து வைத்திருந்த வெளிநாட்டுப் பெட்டி என்று எதையும் விடமாட்டார். சேத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பந்திக்கு உட்காராமல் மைக்செட்காரனிடம் பழைய ஹாரன் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். "மாப்பிள்ளை யாரு மாமா?" என்று கேட்டேன். தெரியவில்லை.

அப்படித்தான் ராஜபாளையத்தில் ஒரு பழைய பங்களாவை இடிக்கும்போது அந்த ஜோடி கிடைத்தது. எலக்ட்ரோஸ்டாட்டிக் ட்வீட்டர். அதில் காந்தமும் இல்லை, கூம்பும் இல்லை. ஓட்டை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே, ஊதினால் பறந்துவிடும் ஒரு பிளாஸ்டிக் தாள். அதற்கென்று தனி பிளக் போட்டுக் கரண்ட் கொடுத்தால்தான் தாள் அதிர்ந்து, பாட்டில் இருக்கிற மெல்லிய, கூர்மையான சத்தங்களைப் பேசும். பிளக்கைப் பிடுங்கினால் ஊமை.

தாள் இரண்டும் கிழிந்திருந்தன. மாமா புதுத் தாள் வாங்கி, சைக்கிள் டியூபுக்கு மேல் பரப்பி, டியூபில் காற்றடித்து இழுத்து ஒட்டினார். தாளில் கரண்ட் பரவ, பென்சில் கரியைப் பொடித்துப் பூசினார். எல்லாப் பெட்டிக்கும் வைப்பதுபோல, அத்தை மில்லிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சுக் குமிழ்களைத் தகடு ஆடாமல் இருக்க அடியில் வரிசையாக வைத்தார். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு எதிரி மிச்சமிருந்தது: பஞ்சு. கரண்ட் ஏறிய தாள், காற்றில் பறக்கும் பஞ்சை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். பிறகு படபடவென்று பொரியும். அதனால்தான் அந்தச் சட்டம். அத்தை ஷிப்ட் முடிந்து வந்தால் குளித்து, சேலை மாற்றி, கூந்தலில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் முன்னறைக்குள் வர முடியும்.

"என் வீட்டுக்குள்ள நானே விருந்தாளி மாதிரி வாரேன்" என்பாள்.

"செத்த நேரம் பொறுத்துக்கோட்டி. உனக்காகத்தான செய்யுதேன்" என்பார் மாமா.

உண்மைதான். கல்யாணத்துக்கு முன்னால் சர்ச் பாடகர் குழுவில் அத்தை ஜால்ரா அடித்தவள். ஒரு கிறிஸ்துமஸ் கேசட்டில் அது பதிவாகியிருந்தது. எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் ஆர்மோனியத்துக்கும் டிரம்முக்கும் அடியில் ஜால்ரா அமுங்கிப் போகும். "உன் ஜால்ராவ உனக்கே கேக்க வைக்கேன், பாரு" என்று மாமா சபதம் போட்டிருந்தார். எந்தப் பெட்டியைச் சரி செய்தாலும் முதலில் அத்தையை உட்கார வைத்துத்தான் போடுவார். அவள் காதுதான் அவருக்குக் கோர்ட்டு. "கரகரங்குது" என்றால் பெட்டி மறுபடி பிரிக்கப்படும். "நல்லாருக்கு" என்றால் ஸ்க்ரூவை முறுக்கிவிடுவார்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார். சட்டையை உதறிவிட்டு உட்கார்ந்தேன். அத்தை நாற்காலியில். மாமா கேசட்டைப் போட்டுவிட்டு, சிரித்த முகமாக அவள் எதிரே வந்து நின்றார்.

பாட்டு தொடங்கியது. அத்தையின் முகம் மலர்ந்தது.

"ஏ யப்பா! ஜால்ரா எம்புட்டுத் தெளிவா கேக்குது! கண்ணாடி மாதிரி இருக்கு!"

எனக்கு டிரம்தான் கேட்டது. சுவரைப் பார்த்தேன். ட்வீட்டரின் பிளக் கழற்றித் தரையில் கிடந்தது. அந்த இடத்தில் அத்தையின் செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் அவளே மாற்றிப் போட்டிருக்கிறாள்.

"அத்தை, பிளக்கே போடல! செல்போன்தான் ஜால்ரா அடிக்குது!" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தையும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

மாமா சிரிக்கவில்லை. பிளக்கைச் சொருகினார். இதுவரை டிரம்மைப் பேசிக்கொண்டிருந்த பெரிய ஸ்பீக்கரின் வயரை உருவிவிட்டார். கேசட்டைத் திருப்பி ஓடவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார். ட்வீட்டர் மட்டும் பேசியது. ஆர்மோனியம் இல்லை, டிரம் இல்லை. சில்லென்று, தனியாக, ஒரு சின்னப் பெண் அடிக்கிற ஜால்ரா.

அத்தை மாமாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"என்னங்க, எப்பப் போடப் போறீக?"

அதற்கப்புறம் மறைக்க ஒன்றுமில்லை. மெஷின் இரைச்சலில் மெல்லிய சத்தங்கள் அவளுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. குக்கர் விசில் கேட்காது, ஆவியைப் பார்த்து அடுப்பை அணைப்பாள். பாட்டு ஓடும்போது மாமாவின் முகத்தைப் பார்ப்பாள். அவர் புருவம் சுருங்கினால் "கரகரங்குது". முகம் விரிந்தால் "நல்லாருக்கு". இத்தனை வருடம் கோர்ட்டில் அவர் கேட்டதெல்லாம் அவருடைய தீர்ப்புதான்.

"சொல்ல வேண்டியதுதானட்டி?"

"சொன்னா யாருக்காகச் செய்வீக?"

மாமா குனிந்து ட்வீட்டரின் அடியில் கை விட்டார். ஆரஞ்சுக் குமிழ் ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இரைச்சலுக்குக் காதில் செருகிக்கொள்ள மில்லில் கொடுப்பது அது. அதிர்வை இதைப்போல எதுவும் உறிஞ்சாது என்று அத்தையிடம் கேட்டு வாங்கியவர் அவரேதான். புதிதாகக் கொடுக்கும்போதெல்லாம் அவளும் தன் காதில் செருகாமல், பத்திரமாக முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். மாமா அடுத்ததை உருவினார். அதற்கடுத்ததையும்.

"விடுங்க, பொட்டி ஆடும்" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு முன்னறையில் பாட்டுச் சத்தம் இல்லை. பெட்டிகளின் மேல் போர்வை விழுந்தது. அத்தையைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லிவிட்டாராம். நான் இரண்டு மூன்று தடவை போய், "என்ன மாமா, கோர்ட்டுக்கு லீவா?" என்று வாயைக் கிளறினேன். "போலே" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வாரம் அத்தை மில்லிலிருந்து வந்தவள், குளிக்காமல், சேலை மாற்றாமல், தலை நிறையப் பஞ்சோடு நேராக முன்னறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொட்டியப் போடுங்க."

"எதுக்கு?"

"பாட்டு ஓடையில உங்க மூஞ்சி நல்லாருக்கும். அதப் பாத்து நாளாச்சு."

மாமா போர்வையை எடுத்தார். எல்லா வயரையும் மாட்டி, பிளக்கைச் சொருகி, அதே கேசட்டைப் போட்டார். அத்தை தலையிலிருந்து ஒரு பஞ்சு மிதந்து போய்த் தகட்டின் ஓட்டை வழியாகத் தாளில் ஒட்டியது. பார்த்தார். துடைக்கவில்லை. அவள் எதிரே வந்து நின்று சிரித்தார், புருவம் மட்டும் விரியவில்லை. வாசலில் நின்றிருந்த நானும் என் பங்குக்குப் பல்லைக் காட்டினேன். பஞ்சு இன்னும் பொரியத் தொடங்கவில்லை, ஜால்ரா அவ்வளவு சுத்தமாகக் கேட்டது.

அத்தை அவர் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னைக்குச் சரியில்லங்க" என்றாள். "நிப்பாட்டிருங்க."