படத்தில் வந்த தங்கச்சி

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நெடி இன்றைக்கும் மூக்கில் ஏறினால், ஓடைப்பட்டியில் திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு அப்பா வந்து உட்கார, நாங்கள் எல்லோரும் அந்த இத்தாலியப் படத்தைப் பார்த்த மத்தியானம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. என்னையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள, உத்தமபாளையத்தில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு சித்தி வந்திருந்தாள். "அக்கா பிள்ளைகளுக்காக" அப்பாவையே அவள் கட்டிக்கொள்வதென்று, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள்.

கம்பத்தில் "சிடி கடை" வைத்திருந்த மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், கொண்டுவந்த படம் அது. எடுத்தவர் உலகமே கொண்டாடும் ஆள் என்பது மட்டும் மாமாவுக்குத் தெரியும். பேசுவது எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. கதை பாதி போனதும் மனைவியாக வந்தவள் காணாமல்போய், வேறொருத்தி அதே வீட்டில், அதே பிள்ளைகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் குழப்பமே வரவில்லை.

"மூத்தவ செத்துட்டா, தங்கச்சியக் கட்டி வச்சிருக்காக," என்றாள் அப்பாவின் அக்கா. இத்தாலியிலும் நம் வழக்கம்தான் என்று அத்தைக்குப் பெருமை வேறு.

சித்தி மட்டும் திரையைப் பார்த்தபடியே, "அக்கா பேரச் சொல்லித்தான இவளையும் கூப்புடுறான்?" என்று கேட்டாள். தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. வேண்டாம் என்று சொல்ல அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்!

சென்னைக்கு வேலைக்கு வந்தபின்தான் அந்தப் படத்தைப் பற்றிப் படித்தேன். எடுத்தவர் சறுக்கிய படம் அது என்கிறார்கள். நடிகை பாதியில் சண்டைபோட்டுப் போய்விட, அதே பாத்திரத்துக்கு வேறொருத்தியை நிறுத்தி ஒப்பேற்றியிருக்கிறார். ஒட்டவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாமல், கேட்கவும் கூசி, சமையலறையில் புதிதாக வந்தவள் திகைத்து நிற்கும் காட்சி ஒன்று உண்டு. அவருடைய நல்ல படங்கள் எதிலும் அப்படியொரு முகத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். அதனாலேயே அந்தப் படம் எனக்குப் பிடிக்கும், பார்க்கும்போதெல்லாம் அழுகையும் வரும்.

மாமாவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். சிடி என்றால் என் மகளுக்குத் தெரியாது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போன நான், வாய் சும்மா இராமல், அந்தப் படத்தைப் போனில் போட்டுக் காட்டி, "ரெண்டு பேரும் ஒரே ஆளாம் சித்தி, நடிகையத்தான் மாத்திட்டாகளாம்," என்றேன்.

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப தங்கச்சின்னு ஒருத்தி இதுல இல்லவே இல்லையா ஆத்தா?" என்றாள்.